மந்திர நீரும் தண்ணீர்தான்

"மாமா, உள்ளே போனதும் வாயைத் திறக்கக் கூடாது. தும்மல் வர்ற மாதிரி இருந்தா கையைத் தூக்கிக் காட்டுங்க. டாக்டரும் பேச மாட்டார், நாங்களும் பேச மாட்டோம். கண்ணுல மருந்து போய்ச் சேர்ற வரைக்கும் அந்த ரூம்ல யாருக்கும் வாய் கிடையாது."

நர்ஸ் சுனீ இப்படிச் சொல்லி மூச்சு விடவில்லை. அதற்குள் கம்சாய் வாயைத் திறந்துவிட்டார்.

"ஏம்மா, பேசினா ஊசி கோவிச்சுக்குமா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த பிம்பா தலையில் அடித்துக்கொண்டாள். முகமூடி போட்டு மூக்கின் மேல் பட்டையாக டேப்பும் ஒட்டியாகிவிட்டது. அப்படியும் மனிதருடைய பேச்சு எங்கிருந்தோ கசிந்து வருகிறதே!

"ஊசி கோவிக்காது மாமா. நம்ம வாயில கிருமி இருக்கே, அது வாயிலயே இருந்தா ஒண்ணும் செய்யாது. பேசும்போது தெறிச்சுக் கண்ணுக்குள்ள போச்சுன்னா, கண்ணையே எடுத்துட்டுத்தான் போகும்."

"என் வாயில என்னம்மா கிருமி? தினம் விடியறதுக்கு முன்னாடி புத்தர் சூத்திரம் சொல்ற வாய் இது."

"அதே வாயாலதான் காலையில எனக்குத் தெரியாம டின்பால் காப்பி குடிச்சீங்க" என்றாள் பிம்பா. "முகமூடி போடறப்பகூட மீசையில நுரை காயல. சர்க்கரை வந்து ஒரு கண்ணு போச்சு, இன்னொண்ணும் போகப் பார்க்குது, இவருக்கு டின்பால் கேக்குது! சுனீ, அந்த டேப்பு இன்னும் ஒரு முழம் இருந்தாக் குடும்மா. நான் ஒட்டறேன்."

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பிம்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாற்காலி வரைக்கும் அவரைக் கொண்டு வந்து சேர்க்க அவள் பட்ட பாடு அவளுக்கல்லவா தெரியும்!

லம்பூன் நகரத்தில் அகழிக்கரையை ஒட்டிக் கூடும் புத்தர் வில்லைச் சந்தையில் கம்சாயைத் தெரியாதவர் கிடையாது. தாயத்தாகக் கழுத்தில் போட்டுக்கொள்கிற, கட்டைவிரல் நகத்தளவு சுட்ட மண் வில்லை. அதற்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் புத்தர். அது பல நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்து எழுந்ததா, போன மாதம் எவனோ கொல்லைப்புறத்தில் சுட்டு எடுத்ததா என்று ஒரு சண்டை வந்தால், நேரே கம்சாயிடம்தான் வருவார்கள். அவர் லென்ஸை வலது கண்ணில் வைத்துக் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். சொல்லிவிட்டால் சொன்னதுதான். அதற்கு மேல் கோர்ட் கிடையாது.

பிம்பா அந்தக் கண்ணை நம்பித்தான் வாழ்க்கைப்பட்டாள். சந்தை ஓரத்தில் அவளுடைய அம்மா அரிசிச் சேவைக் கடை போட்டிருந்த காலம். ஒரு நாள் வாலிபன் கம்சாய் சாப்பிட வந்தான். சேவைத் தட்டை நீட்டியவளை நிமிர்ந்து பார்த்தான். பையிலிருந்து லென்ஸை எடுத்தான். கண்ணில் வைத்து அவள் முகத்தையே பார்த்தான். "அசல்" என்றான். ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையில் தடுக்கி விழுந்தவள்தான், முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு புகழ்ச்சி தீர்ந்துபோயிற்று. பிறகு அந்தக் கண் அவளிடம் கண்டதெல்லாம் குறைதான். குழம்பில் ஒரு தக்காளித் தோல் மிதந்தால் தெரியும். பாவாடைக் கரை ஒரு நூல் இறங்கியிருந்தால் தெரியும். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றால், "இடது கை தையல் கோணல். எவன் தைச்சான்? அவனுக்கு உன் மேல என்ன கோவம்?" என்பார். பிள்ளை இல்லாத வீடு. அவளுக்கு அவர்தான் பிள்ளை, அதுவும் அடங்காத பிள்ளை.

இவ்வளவு பார்க்கிற கண்ணுக்குத் தன்னையே பார்க்கத் தெரியவில்லையே, அதை எங்கே போய்ச் சொல்வது! இடது கண்ணில் நடுவே ஒரு கறை விழுந்தபோது, கடையில் பல்பு சரியில்லை என்றார். பல்பை மாற்றினாள். கண்ணாடிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். கண்ணாடியை மாற்றினாள். ஒரு நாள் காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டு, "டம்ளர் தள்ளிப் போச்சு" என்றபோதுதான் பிம்பா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பெரிய டாக்டர் வீரா பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார். சர்க்கரை, கண்ணின் உள்திரையைக் கெடுத்திருக்கிறது. இடது கண்ணில் தழும்பே விழுந்துவிட்டது, இனி அதில் ஒன்றும் செய்வதற்கில்லை. வலது கண்ணில் இப்போதுதான் நீர் கோத்து வீங்க ஆரம்பித்திருக்கிறது. மாதம் ஒரு முறை கண்ணுக்குள் ஊசி மருந்து போட்டால் அதைக் காப்பாற்றலாம்.

"கண்ணுக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போன கம்சாய், அன்று வீட்டுக்கே வரவில்லை. மச்சினன் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் தினமும் சண்டை. அழுகை, பட்டினி, பேச்சு வார்த்தை இல்லாத நாட்கள். "உங்க கண்ணு உங்களுக்கு மட்டுமா சொந்தம்? அதை நம்பித்தானே நான் வந்தேன்?" என்று ஒரு நாள் பிம்பா சேவைப் பானையின் முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "சரி, சரி. கடை முன்னாடி அழாதே. குழம்புல உப்புக் கூடிடும்" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

இப்படித்தான் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். புத்தாண்டு நீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரக் கடைசி அது.

ஊசி போட்ட நேரம், ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட இல்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து. கிருமியைக் கொல்லும் பழுப்பு நிற அயோடின். அதுதான் கொஞ்சம் எரிச்சல். அப்புறம் ஒரு சின்ன அழுத்தம். வெளியே வந்து, "அட, கொசு இதைவிட நல்லாக் கடிக்குமே! இதுக்கா என்னை இத்தனை மாசம் பயமுறுத்தினே?" என்றார் பிம்பாவிடம்.

"நானா பயமுறுத்தினேன்? நானா!"

சுனீ, அவரை விட்டுவிட்டுப் பிம்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்ககிட்டத்தான் சொல்றேன், மாமா காதுல எதுவும் ஏறாது. வெள்ளை விழியில ரத்தத் திட்டு மாதிரி சிவப்பா இருக்கும், பயப்படாதீங்க. கண்ணுக்குள்ள கறுப்பா குமிழி மிதக்கும், தானா போயிடும். ஆனா வலி கூடிக்கிட்டே போனாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சம் கூசினாலோ, காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. அப்பவே கிளம்பி வந்துடணும். திருவிழா, லீவு எல்லாம் எங்களுக்குக் கிடையாது. ஆயிரக்கணக்குல யாரோ ஒருத்தருக்குத்தான் அப்படி வரும். வந்துட்டா, ஒரு ராத்திரிகூடப் பொறுக்காது."

"சரிம்மா."

"கசக்கக் கூடாது. அஞ்சு நாளைக்கு ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல படக் கூடாது. ஊரே அகழித் தண்ணியை அள்ளி ஊத்தற நேரம் வருது. அந்தத் தண்ணியில மீன் மட்டுமா இருக்கு? மாமாவை வாசல் தாண்ட விடாதீங்க."

பிம்பா விடவில்லை. முகத்தை ஈரத்துணியால் அவளே துடைத்தாள். தலைக்கு ஊற்றவில்லை. வாசலில் ஒரு கயிற்றைக் கட்டி, "இங்கே தண்ணீர் ஊற்றாதீர்கள், நோயாளி இருக்கிறார்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். கம்சாய் அதைப் படித்துவிட்டு, "கையெழுத்துக் கோணல்" என்றார். சரி, கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவளும் நிம்மதியாகச் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தாள்.

அந்தப் போய் வந்த நேரத்தில் என்ன நடந்தது என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அவர் சட்டைக் காலர் ஈரமாக இருந்தது. "வேர்வை" என்றார். சித்திரை வெயில் அப்படி. நம்பிவிட்டாள், பைத்தியக்காரி.

திருவிழாவின் முதல் நாள் விடிந்தது. தெருவெல்லாம் பாட்டு, டிரம் தண்ணீர், சிரிப்பு. பிம்பா தனக்கென்று வாங்கி வைத்திருந்த புதுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். திருவிழாவுக்கு எல்லாரும் போடுகிற பூப்போட்ட சட்டைதான். ஆனால் இதில் பூ மட்டுமா? மஞ்சளும் சிவப்புமாகக் கிளிகள், முதுகு முழுக்க, மார்பு முழுக்க, பாக்கெட் மேல்கூட ஒரு கிளி. இதைப் பார்த்தால் மனிதர் என்ன பாடு படுத்துவார் என்று அவளுக்குத் தெரியும். பதிலும் தயாராக வைத்திருந்தாள். அவர் முன்னால் போய், வேண்டுமென்றே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

கம்சாய் நிமிர்ந்து பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். "வெள்ளை உனக்கு எப்பவும் எடுப்பா இருக்கும்."

பிம்பாவின் நெஞ்சில் இடி விழுந்தது.

"என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்குன்னேன். பாராட்டினாக்கூடக் குத்தமா?"

அவள் அவருடைய தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெளிச்சம் பட்டதும் அவர் சுருண்டார். ஊசி போட்ட இடத்தில் இருந்த சின்னத் திட்டு இல்லை இது. வலது விழி முழுக்கக் குங்குமமாக இருந்தது. இமை வீங்கியிருந்தது.

"எப்போலேர்ந்து வலி?"

"வலியா? லேசா... உறுத்தல்."

"எப்போலேர்ந்து?"

"நேத்து சாயங்காலம்."

"ராத்திரியெல்லாம் பக்கத்துலயே படுத்திருந்தேனே! ஒரு வார்த்தை சொல்லலையே! தண்ணி பட்டுதா? உண்மையைச் சொல்லுங்க. கண்ணுல தண்ணி பட்டுதா?"

"புத்தர் மேல ஆணையா, ஒரு சொட்டுத் தண்ணி படல."

"அப்போ அந்தக் காலர் ஏன் நனைஞ்சிருந்தது?"

கம்சாய் தலையைச் சொறிந்தார். "அது... நீ சந்தைக்குப் போனப்போ கோயிலுக்கு ஓடிப் போயிட்டு வந்தேன். ஊசி நல்லபடியா முடிஞ்சுதேன்னு. பெரிய பிக்கு எல்லாருக்கும் தெளிச்சார். அவ்வளவுதான்."

"என்ன தெளிச்சார்?"

"மந்திர நீர்."

"கண்ணுலயா?"

"எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டாங்க. நான் கண்ணுக்காகத்தானே வேண்டிக்கிட்டேன்? மூடினா எப்படி? அதனால நல்லா திறந்து காட்டினேன்."

ஐயோ, அந்த நிமிஷம் பிம்பா இருந்த இருப்பை எந்த வார்த்தையால் சொல்வது! முப்பது வருஷமாக அவரை 'நீங்க' என்பதற்குக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை அவள்.

"யோவ்! அது தண்ணி இல்லாம வேற என்னய்யா?"

"மரியாதையாப் பேசு. அது தண்ணியா? மந்திரம் சொன்ன நீர்."

"மந்திரம் சொன்னா அது தீயா மாறிடுமா? நெய்யா மாறிடுமா? கோயில் தொட்டியில கிடந்த தண்ணிதானே! துடைப்பக் குச்சியை முக்கித்தானே தெளிக்கிறாங்க! முகம் கழுவ விடாம, தலை குளிக்க விடாம நான் காவல் கிடந்தேனே, பாவி மனுஷா! நீ போய் அகலமாத் திறந்து காட்டிட்டு வந்திருக்கியே!"

திட்டிக்கொண்டே அவள் கைகள் வேலை செய்தன. சேவைப் பானைகளை ஏற்றிச் செல்லும் பக்கவண்டி வைத்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவளுடையது. பானைகளை இறக்கினாள். கம்சாயைப் பக்கவண்டியில் உட்கார வைத்தாள். முகம் முழுக்க மறைக்கிற தலைக்கவசத்தை அவர் தலையில் மாட்டி, கண்ணாடியை இறக்கி, இடுக்கெல்லாம் துண்டு திணித்தாள்.

ஆஸ்பத்திரி அகழிக்கு அந்தப் பக்கம். நடுவில் ஊர் முழுக்கத் தெருவில் நிற்கிறது, கையில் வாளியோடு.

திருவிழா நாளில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒருவன் தெருவில் வந்தால் அவன் கதி என்ன ஆகும்? நனையாத ஒருவன் கிடைத்தானே என்று தெருவே குதூகலித்தது.

"புத்தாண்டு வாழ்த்து, மாமா!" சளாரென்று ஒரு வாளி.

"ஊத்தாதீங்க! கண்ணுல ஊசி போட்டிருக்கு!"

"புத்தாண்டு வாழ்த்து, அக்கா!" சளாரென்று இன்னொன்று.

பாட்டுச் சத்தத்தில் அவள் தொண்டை எங்கே எடுபடும்? ஒருத்தி ஓடி வந்து, திருவிழா வழக்கப்படி பிம்பாவின் இரண்டு கன்னத்திலும் வெள்ளை மாவைக் குழைத்துப் பூசி, "நூறு வருஷம் நல்லா இருங்க அக்கா" என்று வாழ்த்திவிட்டுப் போனாள். "நூறு வருஷம் வேணாம்டி, இந்தத் தெருவைத் தாண்ட விட்டாப் போதும்!" தலைக்கவசத்துக்குள்ளிருந்து கம்சாய் ஏதோ சொன்னார்.

"என்ன?"

"இடது பக்கத் துண்டு நனையுது!"

"வாயை மூடு! கண்ணையும் மூடு!"

அகழிப் பாலத்தருகே வண்டி நின்றே போயிற்று. புத்தர் ஊர்வலம் எதிரே வந்துகொண்டிருந்தது. பூ ஜோடித்த லாரியின் மேல் வெண்கலப் புத்தர். அவர் காலடியில் ஒலிபெருக்கியோடு பெரிய பிக்கு. இரண்டு பக்கமும் கிண்ணம் கிண்ணமாக வாசனை நீரை ஏந்திக்கொண்டு கூட்டம். அகழியில் வாளி விட்டு மொண்டுகொண்டு வேறொரு கூட்டம். பச்சைத் தண்ணீர், பாசித் தண்ணீர்.

பிம்பா வண்டியை விட்டு இறங்கினாள். கன்னத்தில் வெள்ளை மாவும் கண்ணில் நீருமாக லாரியின் முன்னால் போய்க் கைகூப்பி மண்டியிட்டாள்.

"குருவே! என் புருஷன் கண்ணு போகுது! இருக்கிறது அந்த ஒரு கண்ணுதான்! வழி விடச் சொல்லுங்க!"

பிக்கு குனிந்து பார்த்தார். பக்கவண்டியில் தலைக்கவசத்தோடு கும்பிட்டுக்கொண்டிருந்த உருவத்தைப் பார்த்தார்.

"யாரு, கம்சாயா? முந்தாநாள் ஆந்தை மாதிரி முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தியே, ஊசி போட்ட கண்ணா அது? தெளிக்கறதுக்கு முன்னாடி உடம்பு சரியில்லாதவங்க பின்னாடி உட்காருங்கன்னு சொன்னேனே, காதுல விழலையா?"

"எனக்கு உடம்பு நல்லாத்தானே இருந்துது குருவே" என்றது தலைக்கவசம். "கண்ணுதான்..."

பிக்கு மேலே பார்த்தார். புத்தரைத்தான் பார்த்திருக்க வேண்டும். "அது மழைத் தொட்டித் தண்ணிடா. மந்திரம் உன் மனசுக்கு. கண்ணுக்கு டாக்டர் இருக்கார்" என்றார். பிறகு ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"அகழிக்கரையில இருக்கிற எல்லாரும் கேளுங்க! கிண்ணத்தை இறக்குங்க. வாளியைக் கீழே வைங்க. பாட்டை நிறுத்துங்க. ஒரு கண்ணு போகுது, அதுக்கு வழி விடுங்க. அந்த வண்டி மேல ஒரு சொட்டு விழுந்தாலும் இந்த வருஷம் அவங்களுக்குப் புண்ணியக் கணக்குல ஒண்ணும் சேராது!"

நம்புங்கள், அந்தத் தெரு அடங்கியது. தூக்கிய வாளிகள் இறங்கின. இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்ற ஜனங்களின் நடுவே பிம்பாவின் வண்டி போயிற்று. யாரோ கைகூப்பினார்கள். கம்சாயின் மேல் ஒரு துளி விழவில்லை. பாலத்தின் கோடியில் மட்டும் ஒருத்தி ஆசையை அடக்க முடியாமல், "அக்கா, உங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, ஒரு வாளியைப் பிம்பாவின் முதுகில் கவிழ்த்தாள்.

ஆஸ்பத்திரியில் சுனீ இருந்தாள். கண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஒரு கேள்வி கேட்கவில்லை, போனை எடுத்தாள். டாக்டர் வீரா வந்தபோது அவரும் பூப்போட்ட சட்டை, சொட்டச் சொட்ட ஈரம், கன்னத்தில் மாவு. அப்படியே உள்ளே ஓடியவர், தேய்த்துக் கழுவி, பச்சை உடுப்பு மாற்றிக்கொண்டு வேறு மனிதராக வெளியே வந்தார்.

"கண்ணுக்குள்ள கிருமி போயிருக்கும்மா. உள்ளேயிருந்து ஒரு துளி நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிட்டு, உடனே கிருமிக்கு மருந்தை உள்ளே போடணும். ஊசிதான்."

பிம்பா கம்சாயைப் பார்த்தாள். மறுபடியும் ஊசி என்றால் மனிதர் மச்சினன் வீட்டுக்கு ஓடுவாரே! கம்சாய் ஓடவில்லை. முகமூடியை வாங்கித் தானே போட்டுக்கொண்டார். டேப்பை மூக்கின் மேல் தானே அழுத்தி ஒட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம்தான் பிம்பாவை மிகவும் பயமுறுத்தியது.

ஊசி போட்டு முடித்து டாக்டர் வெளியே வந்ததும் அவள் எழுந்து நின்றாள். வழியெல்லாம் நெஞ்சில் காய்ந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

"அந்த மந்திரத் தண்ணியாலதானே டாக்டர்?"

"சொல்ல முடியாதும்மா. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஊசி போடும்போதே இமை ஓரத்துலேர்ந்து கிருமி போயிருக்கலாம். நாங்க எல்லாத்தையும் சரியாச் செஞ்சாலும், நீங்க எல்லாத்தையும் சரியாச் செஞ்சாலும், எங்கேயோ ஒருத்தருக்கு வந்துடுது. தண்ணி படாம இருக்கறது நல்லது. ஆனா அதைவிடப் பெரிசு, வலி வந்தவுடனே வர்றது. நேத்து சாயங்காலமே வந்திருந்தா இன்னும் நல்லது. நாளைக்கு வந்திருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. பார்ப்போம்."

பிம்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரைத் தாண்டி, தண்ணீரைத் தாண்டி, வழிநெடுக அந்த மனுஷனை அவள் திட்டிய திட்டெல்லாம் வீணா? யார் மேல் தப்பு என்றுகூடத் தெரியாது என்றால், பிறகு அவள் யாரைத்தான் திட்டுவாள்?

கண்ணில் கட்டோடு பக்கத்துக் கட்டிலில் கொண்டு வந்து படுக்க வைத்திருந்த கம்சாய்க்குக் காது நன்றாகக் கேட்டது. "கேட்டியா? என் மேல தப்புன்னு நிரூபணம் இல்ல."

"வலியை மறைச்சீங்களே, அதுக்கு நிரூபணம் இருக்கு! டாக்டர் இப்பத்தானே சொன்னார், நேத்தே வந்திருந்தா நல்லதுன்னு! ஏன் மறைச்சீங்க? நான் என்ன பேயா, பிசாசா? சொன்னா அடிச்சுடுவேனா?"



"நீ சொல்லித்தானே ஊசி போட்டுக்கிட்டேன்" என்றார் கம்சாய். "அதுல கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா, நீ என்னைத் திட்ட மாட்டே. உன்னையே திட்டிக்குவே. சாகற வரைக்கும் திட்டிக்குவே. நீ என்னைத் திட்டினா எனக்குப் பழக்கம். நீ உன்னையே திட்டிக்கறதைப் பார்த்துக்கிட்டு இருக்க எனக்குத் தெம்பு இல்ல. தானாச் சரியாப் போயிடும்னு பார்த்தேன்."

கல்லும் கரையுமே, பிம்பா கரைய மாட்டாளா? கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஈரச் சட்டையிலிருந்து கிளிகளின் சிவப்புச் சாயம் கசிந்து படுக்கை விரிப்பில் இறங்கியதைக்கூடக் கவனிக்காமல் அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

கட்டு அவிழ்த்த முதல் நாள் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அப்புறம் கை ஆடுவது தெரிந்தது. கிருமி அடங்கியது. விரல்கள் தெரிந்தன, பிறகு கடிகார முள். ஒரு மூலையில் புகை மூட்டம் மட்டும் போகவில்லை. அது போகாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். சந்தையிலிருந்து பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பையோடு கூடவே ஆளுக்கொரு யோசனையும் கொண்டு வந்தார்கள்.

"கண்ணுல போய் யாராவது ஊசி போடுவாங்களா, பிம்பா அக்கா?" என்றார் ஒருவர். "பட்டாச்சு. இனிமே போடாதீங்க."

ஆனால் கண்ணின் வீக்கம் யார் யோசனையையும் கேட்கவில்லை. கிருமி வந்தது ஒரு விபத்து, சர்க்கரை வியாதி விபத்து இல்லை, அது வீட்டோடு இருக்கிறது என்றார் டாக்டர் வீரா. சில வாரங்கள் கழித்து மறுபடியும் அந்த மருந்து போட்டாக வேண்டும். இல்லையென்றால் இடது கண் போன வழியிலேயே இதுவும் போகும்.

இந்த முறை பிம்பா வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, போங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சேவை பிழிந்தாள், குழம்பு கொதிக்க வைத்தாள், தக்காளித் தோல் மிதக்கிறதா என்று தானே பார்த்து எடுத்தாள். என் வாயால் சொல்லி இன்னொரு தடவை ஆகிவிட்டால்?

ஊசி நாள் காலையில் கம்சாய் தானே குளித்து, தானே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "வண்டியை எடு. டின்பால் காப்பி குடிக்கல. வேணும்னா மீசையைப் பார்த்துக்கோ."

கைக்குக் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு அவள் வண்டியை எடுத்தாள்.

அதே வரிசை, அதே நாற்காலிகள். சுனீ பழைய பாட்டைப் பாடினாள், புதிதாக ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டாள்: "குழாய்த் தண்ணி, அகழித் தண்ணி, ஆத்துத் தண்ணி, மந்திரத் தண்ணி, எதுவும் கூடாது மாமா." வரிசை சிரித்தது. பிம்பா சிரிக்கவில்லை.

கம்சாய் சட்டைப் பையில் கைவிட்டார். லென்ஸை எடுத்தார். வலது கண்ணில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் மேல் குனிந்தார்.

"இதென்ன சட்டை?"

"ஏன்?"

"பாக்கெட் மேல இருக்கிற கிளிக்குத் தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். பாக்கெட்டை விரல் அளவு தள்ளித் தைச்சிருக்கான். சிவப்பு வேற பாதி போயிடுச்சு. இதைப் போட்டுக்கிட்டா வெளியில வந்தே? எவன் ஏமாத்தினான் உன்னை?"

பிம்பா கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள். லென்ஸ் சட்டையிலிருந்து மெல்ல மேலே ஏறி அவள் முகத்தில் நின்றது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சேவைக் கடையில் கேட்ட அந்த ஒரு வார்த்தைக்காக அவள் மூச்சை நிறுத்திக் காத்திருந்தாள்.

"நெத்தியில புதுசா கோடு விழுந்திருக்கு" என்றார் கம்சாய்.

"யாரால விழுந்துதாம்?"

"அதுக்கு நிரூபணம் இல்ல."

"சுனீ!" என்று பிம்பா கத்தினாள். அழுகிறாளா, கோபப்படுகிறாளா என்று வரிசையில் யாருக்கும் புரியவில்லை. "இவரை முதல்ல உள்ளே கூட்டிட்டுப் போம்மா! அந்த ரூம்லயாவது வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும்!"